முதல் போர் நீங்கலாக

உலகத்துல எது நடந்தாலும் அதுக்கு அஞ்சு காரணம் உண்டு. மேல்நிலை வகுப்புல நவீன வரலாறு நடத்திக்கிட்டிருந்த அந்த வாத்தியார் இதை நம்பினாருன்னு சொன்னா பத்தாது, இதை வெச்சுத்தான் பொழப்பே நடந்துது. நாலு காரணம் எழுதினா ஒரு மார்க் போயிடும். ஆறு எழுதினா திருத்துறவருக்கு எரிச்சல் வரும். ஒரு சாம்ராஜ்யம் சரியறதுக்கு ஏழு காரணம் இருந்த சமயத்துலகூட, ரெண்டை நைசா மடிச்சு மத்ததுக்குள்ள சொருகி, அஞ்சாக்கி, அடிக்கோடு போட்டுத் தந்தவரு அவரு. பிள்ளைங்க வெச்ச பேரு 'அஞ்சு காரணம்'. அது அவரு காதுக்கும் வந்துது. கேலின்னு எடுத்துக்கலை, பதவி உயர்வுன்னு எடுத்துக்கிட்டாரு.

வீட்டுலயும் இதே கதைதான். அவரு சம்சாரம் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல தையல் கடை வெச்சிருந்தாங்க. ஒரு நாள் சட்டையை உள்பக்கம் வெளிய தெரியப் போட்டுக்கிட்டுக் கிளம்பினவரை வாசல்ல நிறுத்துனாங்க.

"இதுக்கும் அஞ்சு இருக்குமே. சொல்லிட்டுப் போங்க."

அவரு நிதானமா நாலு சொன்னாரு.

"அஞ்சாவது?"

"நீ கவனிக்கலை."

"அதை முதல்லயே சொல்லியிருந்தா மத்த நாலும் மிச்சமாயிருக்கும்"னு சொல்லிட்டு, அந்தம்மா ஊசியில நூலைக் கோத்தாங்க.

இப்படிச் சிவனேன்னு ஓடிக்கிட்டிருந்த சரித்திரத்துல ஒரு திருப்பம் வந்துது. செத்துப்போனவங்களைப் படிச்சு யாருக்கு வேலை கிடைச்சுதுன்னு பெத்தவங்க கேட்க ஆரம்பிச்சாங்க. 'எதிர்காலத் திறன்'னு புதுசா ஒரு பாடம் வந்து இறங்குச்சு. அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எதிர்காலம்ங்கிறதால இப்பவே தெரியணும்ங்கிற அவசியமும் இல்லை. ஆனா அதுக்கு ஒரு அறை வேணும். தலைமையாசிரியர் வரலாற்று வகுப்புக்கு வெளிய 'எதிர்காலத் திறன் அறை'ன்னு ஒரு பலகையை ஆணியில மாட்டி, எழுத்து தெரியாதபடி செவுத்தைப் பார்க்கத் திருப்பி வெச்சிருந்தாரு.

"இது என்ன சார்?"ன்னு வாத்தியார் கேட்டாரு.

"ஒண்ணுமில்லை சார், இன்னும் முடிவாகலை. ஆய்வுக்கு மேலிடத்துல இருந்து அதிகாரியம்மா வர்றாங்க. வரலாற்றுப் பிரிவு இருக்கட்டும்னு அவங்க சொன்னா இருக்கும்."

"சொல்லலைன்னா?"

"பலகையைத் திருப்பிடுவோம். உங்களுக்கு ஒரு குறையும் வராது. உபரி ஆசிரியர்னு போட்டு எங்கயாவது அனுப்பிடுவாங்க."

அந்த எங்கயாவது எவ்வளவு தூரம்னு அவருக்குத் தெரியும். போன வருஷம் உபரியான ஓவிய வாத்தியாரு இறங்கின இடத்துல பஸ்ஸே திரும்பிப் போக யோசிக்குமாம். தையல் கடையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போக முடியாது. சம்சாரம் இங்க, அவரு அங்க. சட்டையைத் திருப்பிப் போட்டா சொல்ல ஆள் இருக்காது.

அந்த நேரம் பார்த்துத்தான் சுற்றறிக்கை வந்துது. 'மாணவர்தம் மனச்சுமையினைக் கருணையுடன் பரிசீலித்து, நவீன வரலாற்றுப் பாடப்பகுதியினைப் பாதியாகக் குறைத்து இதன்மூலம் ஆணையிடப்படுகிறது.' எந்தப் பாதிங்கிறதுல பாரபட்சம்னு யாரும் பேசிடக் கூடாதே, அதனால ஒண்ணு விட்டு ஒண்ணா எடுத்துட்டாங்க. புரட்சிக்கான காரணங்கள் நீக்கம், விளைவுகள் உண்டு. அந்நியர் வருகை நீக்கம், வெளியேற்றம் உண்டு. முதல் உலகப் போர் நீக்கம், இரண்டாவது உண்டு. நீக்கினதை நடத்துறவங்க மேல ஒழுங்கு நடவடிக்கை பாயும்னு அடியில ஒரு வரி.

வேற யாராவதுன்னா தலையில அடிச்சுக்கிட்டிருப்பாங்க. நம்ம வாத்தியாரு ஸ்கேலை வெச்சு, சிவப்புப் பேனாவால, கோணாம குறுக்குக்கோடு போட்டாரு. முதல் உலகப் போர் ஒரு பீரியடுக்குள்ள முடிஞ்சுது, உயிர்ச்சேதம் எதுவுமில்லாம.

வகுப்புல ஒரு பொண்ணு உண்டு. வாயைத் திறந்தா 'ஏன்'னு ஆரம்பிக்கிறதால அவ பேரே 'ஏன்'னு ஆகிப்போச்சு. பாடம் ஆரம்பிச்ச உடனே எழுந்தா.

"சார், வராதவங்களை ஏன் சார் வெளியேத்தணும்?"

"வந்தாங்கம்மா. இப்போதைக்கு வரலை."

"ரெண்டாவது போருன்னா முதல்ல ஒண்ணு நடந்திருக்கணுமே சார்?"

"நடந்துது. பாடத்துல இல்லை. பாடத்துல இல்லாததுல இருந்து கேள்வி வராது. கேள்வி வராதது நடந்தா என்ன, நடக்காட்டி என்ன?"

"ஏன் சார் அப்படி?"

"உக்காரு."

உக்காந்தா. மறுநாளும் எழுந்தா, மறுநாளும் உக்கார வெச்சாரு. போகப் போக அவ எழுந்திருக்கிறது பாதியா குறைஞ்சுது. வகுப்பு முன்னேறுதுன்னு வாத்தியாருக்கு ஒரு திருப்தி.

அதிகாரியம்மா வந்தாங்க. பின்னாடியே தலைமையாசிரியர், கையைக் கட்டிக்கிட்டு. அறையை நாலு பக்கமும் பார்த்தாங்க. பார்வை, வரலாற்றைத் தேடுற மாதிரி இல்லை, மேஜை எத்தனை போடலாம்னு அளக்குற மாதிரி இருந்துது. அப்புறம் 'ஏன்'னை எழுப்பினாங்க.

"இரண்டாம் உலகப் போருக்கான காரணங்களைச் சொல்லும்மா."

அவ மடமடன்னு ஒப்பிச்சா. அதிகாரியம்மா விரலை மடக்கிக்கிட்டே வந்தாங்க. நாலு விரல் மடங்குச்சு. கட்டை விரல் மட்டும் நட்டுக்கிட்டு நின்னுது.

"அஞ்சாவது எங்க?"

வாத்தியாருக்குப் பதில் தெரியும். அஞ்சாவது காரணம் முதல் போர். அது முடிஞ்சப்ப போட்ட ஒப்பந்தம். சொன்னா நீக்கினதை நடத்தின குத்தம். சொல்லலைன்னா நாலோட நிறுத்தின குத்தம். அவரு முழிக்கிறதைப் பார்த்து 'ஏன்'னே உதவிக்கு வந்தா.

"அஞ்சாவது முதல் போருதான் மேடம். ஆனா அது நடக்கலை."

அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழட்டினாங்க. "நீக்கப்பட்ட போரை நடத்தினீங்களா சார்?"

"நான் நடத்தலை மேடம். அது ஏற்கெனவே நடந்திருக்கு."

"யார் அனுமதி கொடுத்தது?"

தலைமையாசிரியர் அவசரமா, "நான் இங்க சேர்றதுக்கு முன்னாடி மேடம்"னாரு.

வெளிய ஆணியில பலகை லேசா ஆடுற சத்தம் கேட்டுது. வாத்தியாருக்கு எதிர்த்த தையல் கடை ஜன்னல் வழியா தெரிஞ்சுது. சம்சாரம் குனிஞ்சு யாருக்கோ கழுத்து வெட்டிக்கிட்டிருந்தாங்க. ஆயுசு முழுக்க காரணம் தேடினவரு, முதல் தடவையா ஒண்ணைச் சொந்தமா தயார் பண்ணாரு.

"அஞ்சாவது காரணம் பிள்ளைக்கு மறந்துபோச்சு மேடம். 'ஒருங்கிணைப்புக் குறைபாடு'."

அதிகாரியம்மா முகம் மலர்ந்துது. வேலையில சேர்ந்த நாள்ல இருந்து அவங்க எழுதின எல்லா அறிக்கையிலயும் இருந்த வார்த்தை. "பிரமாதம். எல்லாத் துறையிலயும் இதே தொல்லைதான் சார். துறைகள் கூடிப் பேசியிருந்தா அந்தப் போரே வந்திருக்காது."

"மாவட்டத்துக்கு ஒரு குழு போட்டிருக்கலாம் மேடம்"னு தலைமையாசிரியர் எடுத்துக் கொடுத்தாரு.

"இன்னொண்ணு. முதலாவது இல்லாதப்ப இரண்டாவதுன்னு சொன்னா பிள்ளைங்களுக்குக் குழப்பம். இனிமே 'உலகப் போர்'னு மட்டும் போதும்."

'ஏன்' எழுந்தா. வாத்தியார் ஒரு பார்வை பார்த்தாரு. அவளா உக்காந்துட்டா. "நல்ல கட்டுப்பாடு"ன்னு அதிகாரியம்மா பாராட்டிட்டுப் போனாங்க.

அடுத்த சுற்றறிக்கையில, மாநிலம் முழுக்க, போருக்கான அஞ்சாவது காரணம் ஒருங்கிணைப்புக் குறைபாடுன்னு வந்துது. விடைக்குறிப்புலயும் ஏறிச்சு. சரித்திரத்தைப் படிக்கிறவங்க கோடிப் பேரு, சரித்திரத்தைச் செஞ்சவங்க கொஞ்சப் பேரு, நாம அந்தக் கொஞ்சத்துல ஒருத்தர்னு வாத்தியார் சம்சாரத்துக்கிட்ட சொன்னாரு.

"அப்ப உங்க பிரிவு பொழைச்சுதா?"

"இதுக்கு மேல அவங்களுக்கு என்ன வேணும்?"

அவங்களுக்கு அறை வேணும். ஆணை ரெண்டு வாரத்துல வந்துது. வாத்தியார் அதை வகுப்புல நின்னு படிச்சாரு. எதையும் வகுப்புல படிச்சே பழக்கம்.

'நவீன வரலாற்றுப் பிரிவு கீழ்க்கண்ட காரணங்களால் மூடப்படுகிறது. இரண்டாவதாக, மாணவர் எண்ணிக்கை போதாமை. மூன்றாவதாக, அறையின் இன்றியமையாத் தேவை. நான்காவதாக, பாடப்பகுதி பாதியளவே உள்ளமை. ஐந்தாவதாக, ஒருங்கிணைப்புக் குறைபாடு. ஆசிரியர் உபரியாகக் கருதப்பட்டு ஓவிய ஆசிரியர் பணியாற்றும் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்.'

ஒரு பையன் மட்டும் விரலை மடக்கிப் பார்த்துட்டு, "முதலாவது காரணம் விட்டுப்போச்சு சார்"னான்.

வாத்தியார் தாளைத் திருப்பினாரு. அடியில பொடி எழுத்துல இருந்துது: 'ஆசிரியர்தம் மனச்சுமையினைக் கருணையுடன் பரிசீலித்து முதற்காரணம் நீக்கப்பட்டுள்ளது.'

பிள்ளைங்க பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு அவரையே பார்த்தாங்க. நாலோட எந்தப் பாடத்தையும் அவரு நிறுத்தினது கிடையாது. அவரு ஜன்னல் வழியா தையல் கடையைப் பார்த்தாரு. பலகையைத் திருப்புறதுக்காக வெளிய ஸ்டூல் இழுபடுற சத்தம் கேட்டுது. சாக்பீஸை எடுத்தாரு. அத்தனை வருஷத்துல முதல் தடவையா, புத்தகத்தைப் பார்க்காம, பயத்துல தயார் பண்ணாம, தனக்குத் தெரிஞ்ச ஒண்ணைக் கரும்பலகையில எழுதினாரு.

'முதலாவதாக, ஏன் என்று கேட்டவளை உட்காரச் சொன்ன ஆசிரியர்.'

வகுப்பு மொத்தமும் குனிஞ்சு எழுதுச்சு. தலைப்புக்கு அடிக்கோடு போட்டுது. அப்ப ஜன்னலோரம் ஒரு கை மெதுவா மேல வந்துது. 'ஏன்'. கேட்டுடு தாயே, இந்த ஒரு தடவை உக்காரச் சொல்ல மாட்டேன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டு, "கேளும்மா"ன்னாரு வாத்தியாரு.

அவ எழுந்து நின்னா.

"சார், இது பரீட்சைக்கு வருமா?"