இசபெல்லா ‘வாஸ்’ போட்டுப் பேசிய வாரம்

அட்டுவம்பட்டி,
9.8.2004

மதிப்பிற்குரிய மச்சான் அருள்தாஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் உபகாரம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் உயிரோடு இருக்கிறேன். பெரும்பாறையில் யாராவது வேறு மாதிரி சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமா?

எல்லாம் உங்கள் தங்கை இசபெல்லாவின் இங்கிலீஷால் வந்தது. எங்கள் மகன் ராபினின் பள்ளிக்கூடத்தில் மிஸ் இங்கிலீஷில் எது சொன்னாலும் தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் அழுவாள். மனசு கேட்காமல் சர்ச் ஹாலில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நான்தான் சேர்த்துவிட்டேன். போன வாரம் வகுப்பில், நடந்து முடிந்ததைச் சொல்லும் பாடமாம். வாரம் முழுக்க ‘வாஸ்’ போட்டே பேசிப் பழகச் சொல்லிவிட்டார் டீச்சர். அந்த வாரம் பார்த்துத்தானா, நான் சமையல் செய்யும் பங்களாவின் சொந்தக்காரர் ஹெலன் அம்மா லண்டனிலிருந்து போன் போட வேண்டும்? நான் கறி வாங்க வத்தலக்குண்டு போயிருந்தேன். இவள் எடுத்து, “உபகாரம் வாஸ் குட் குக். உபகாரம் வாஸ் மை ஹஸ்பெண்ட். மார்னிங் ஹி வென்ட்” என்றிருக்கிறாள். அந்த அம்மா அழுதிருக்கிறார். இவள் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். “ஐ ஆம் சாரி இசபெல்லா” என்றதற்கு, பெருந்தன்மையாக, “நோ ப்ராப்ளம் மேடம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளனே பூக்கடைக்காரர் ஒரு பெரிய மலர் வளையத்தோடு வந்து நின்றார்.

“பாடி எங்கங்க கெடக்கு?”

“எந்த பாடிங்க?”

“உபகாரம்னு ஒருத்தரு. லண்டன்லருந்து ஒரு அம்மா அனுப்பச் சொன்னாங்க.”

“நான்தாங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிருங்க. எனக்குச் சோலி கெடக்கு.”

அப்போதுதான் மச்சான், அவளுக்கு விஷயம் உறைத்தது. வளையத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, “என் வாயாலயே சொல்லிட்டேனேங்க” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். திட்ட நினைத்த நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். உடனே லண்டனுக்குப் போன் போட்டேன். நான் இல்லாத வீடு எதற்கு என்று பங்களாவை மூடச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம் அந்த அம்மா. என் குரலைக் கேட்டு அலறி, “உபகாரம்! யூ ஆர் அலைவ்?” என்றார். பதற்றத்தில் நானும், “யெஸ் மேடம், ஐ வாஸ்!” என்றேன். அப்போது சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.

மச்சான், வகுப்புக்குப் போகாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசையாகப் படிக்கிறாள். அண்ணன் என்ற முறையில் நீங்கள் வெரசா வந்து, பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. பிள்ளைகளை ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
உயிருள்ள
உபகாரம்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். ஹெலன் அம்மா மறுபடி பேசினார். இத்தனை வருஷம் வந்துபோயும் தமிழ் படிக்காதது தன் தப்புதானாம். அடுத்த மாதம் வந்து படிக்கப் போகிறாராம். டீச்சர் உங்கள் தங்கைதான். இப்போதே புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். நிகழ்காலத்திலிருந்து ஆரம்பி என்று சொல்லியிருக்கிறேன். இறந்த காலம் மெதுவாக வரட்டும்.