மூச்சுக்கு வந்த உத்தரவு

குடிநீர் வாரியத்தின் தலைமை அதிகாரி வெளிநாட்டுப் பயிற்சி முடிந்து திரும்பியதும், ஊழியர் நலனை முன்னிட்டு ஓர் ஆணை பிறப்பித்தார். இனி அனைத்து ஊழியர்களும் தத்தம் மூச்சைத் தாமே கவனிக்க வேண்டும். அதுவரை அந்த அலுவலகத்தில் மூச்சு ஒன்றுதான் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். வெள்ளை உடை, தேன் தடவிய குரல். "உள்ளே போவதைப் பாருங்கள். வெளியே வருவதைப் பாருங்கள்," என்றார். எல்லோரும் கண்ணை மூடி, வழக்கம்போல் தூங்கிவிட்டார்கள். புகார்ப் பிரிவு குமாஸ்தா மட்டும் அப்பாவி. உத்தரவாயிற்றே என்று உண்மையாகவே பார்த்துவிட்டார்.

பார்த்தது பார்த்ததுதான், அதற்குப் பிறகு விடவே முடியவில்லை. இழுத்தால்தான் வரும், விட்டால்தான் போகும் என்று ஆகிவிட்டது. விழுங்குவதா, மூச்சு விடுவதா என்று புரியாமல் வாயில் வைத்த கவளத்தோடு விழித்தார். கொஞ்சம் அசந்தால் நின்றுபோய்விடுமோ என்று ராத்திரியும் படுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, ஏன் சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி மூச்சு விடுறீங்க?" என்றாள் மனைவி.

"நான் விடலைன்னா வேற யாரு விடுவா?"

"கல்யாணமானதுலேர்ந்து பார்க்கிறேன், வீட்டுல எந்த வேலையையும் நீங்க இவ்வளவு பொறுப்பா செஞ்சதில்லை." சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் மனசு கேட்கவில்லை. "சரி, படுங்க. விடியற வரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

அவள் அவர் நெஞ்சில் கை வைத்த பிறகுதான் கண் அசந்தது. ஆனால் அலுவலக நேரத்தில் மனைவியை உடன் வைத்துக்கொள்ள விதிகளில் இடமில்லை. மேலாளரிடம் போனார்.

"சார், மூச்சைக் கவனிக்கிறதை நிறுத்தணும். உயிரே போயிடும் போலிருக்கு."

மேலாளர் ஆணையைப் புரட்டிப் பார்த்தார். "ஆரம்பிக்கச் சொல்லியிருக்கு. நிறுத்தச் சொல்லலையே?"

"அப்போ நான் என்ன சார் பண்றது?"

"கவனிச்சுக்கிட்டே இருங்க. மேலிடத்தைக் கேட்டுச் சொல்றேன்."

மேலிடம் பூரித்துப்போனது. தம் ஆணையை ஒருவன் நிறைவேற்றியிருக்கிறான் என்பதே தலைமை அதிகாரிக்குப் புது அனுபவம். கூட்டம் கூட்டி, குமாஸ்தாவுக்குக் கேடயம் கொடுத்துப் பேசச் சொன்னார். அவருக்குப் பொய் வராது. "இப்போ உங்க மூக்கு நுனியில சில்லுன்னு உள்ளே போகுது பாருங்க. அடுத்தது தானா வரும்னு என்ன நிச்சயம்?" என்று ஒன்று விடாமல் விளக்கினார்.

யாரும் கைதட்டவில்லை. மண்டபம் முழுக்க 'ஸ்ஸ்... ஹா' என்ற சத்தம்தான். தலைமை அதிகாரி நாற்காலியை இறுகப் பிடித்தபடி, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

மறுநாள் முதல் வாரியமே மூச்சு வாங்கியது. எந்த வேலையும் நகரவில்லை. வெளியே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் ஒரு தையல்காரி புகார் ஜன்னலுக்கு வந்தாள். "குழாய்ல தண்ணி வந்து மாசக்கணக்காச்சு. உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? தொண்டை காஞ்ச பிள்ளைங்களைக் கொண்டாந்து உங்க மேஜை மேல உட்கார வைக்கட்டுமா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். குமாஸ்தா கூனிக்குறுகிப் போனார். அவள் திரும்பிப் போகும்போதுதான் அவருக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் மூச்சு தன்பாட்டுக்கு நடந்திருக்கிறது!

"அம்மா, போகாதீங்க! இன்னும் கொஞ்சம் திட்டுங்க!" என்று தெருவரை துரத்திக்கொண்டு ஓடினார்.

விஷயம் தலைமை அதிகாரி காதுக்கு எட்டியதும் மறு ஆணை வந்தது. அலுவலர்கள் பதவி வரிசைப்படி ஜன்னலில் அமர்ந்து பொதுமக்களிடம் திட்டு வாங்க வேண்டும். தலைமை அதிகாரிக்கே முதலிடம். மக்கள் சும்மா விடுவார்களா? வரிசை தெருமுனையைத் தாண்டியது. வருஷக்கணக்காக அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டு, மனசு லேசாகி வீட்டுக்குப் போனார்கள். அதிகாரிகளும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

தண்ணீர் மட்டும் விடவில்லை. விட்டால் திட்ட ஆள் வராது, ஊழியர் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவக் காரணம் காட்டி நிறுத்தி வைத்தார்கள்.

போன வாரம் யாரோ செய்த தவறால் அந்தத் தையல்காரி வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டிவிட்டது. பதறியடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. குழாயை இறுக்கி மூடிட்டேன். வரிசையிலேர்ந்து மட்டும் என்னை எடுத்துடாதீங்க. பெரிய அதிகாரியை வாய்க்கு வந்தபடி திட்டுற சுகம் தண்ணியில வருமாண்ணே?"