ஏரியில் உள்ளான்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் தமிழைத் தப்பில்லாமல் வாசிப்பேன் என்று எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. கோயில் பலகையில் என்ன எழுதினாலும் உரக்கப் படித்துக் காட்டுவது நான்தான். அந்த மிதப்பை ஒரு பறவை இறக்கி வைத்தது, பாரிவாக்கம் ஏரியில், இடுப்பளவு தண்ணீரில்.

நான்கைந்து வருடம் இருக்கும். மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை. என் மனைவியின் தம்பி செல்வம் வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் இருந்தான். அவன் இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்த நேரம் பார்த்து, "எங்கனா போய்த் தொலைடா" என்று சொல்லிவிட்டேன். (என் நெற்றியில் பட்டையாக விபூதி வேறு.) அவன் தட்டிலேயே கை கழுவிவிட்டு, போனைக்கூட எடுக்காமல் வெளியே போனான்.

பத்து மணிக்குத் தெரு வாட்ஸ்அப் குழுவில் மாடி வீட்டுக் கார்த்திக் ஒன்று போட்டிருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், திருநெல்வேலிப் பக்கம். சுத்தத் தமிழில்தான் எழுதுவார்.

"ஏரியில் உள்ளான். காலில் கொடி. அடையாளம் உறுதி செய்ய உடனே வரவும். கூட்டம், சத்தம் வேண்டாம்."

இன்னொரு தடவை படித்தேன்.

"இன்னாங்க, மூஞ்சி இப்டி வெளுத்துகீது?" என்றாள் மனைவி.

என்னவென்று சொல்வேன்? உன் தம்பி ஏரியில் கிடக்கிறான், தாமரைக்கொடி காலைச் சுற்றிவிட்டது, அனுப்பி வைத்தவன் நான்தான் என்றா?

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. கரைமேல் அம்மன் கோயில் வந்தது. "தாயே, அவன உயிரோட குடுத்துடு. தலைமுடி, மீசை ரெண்டையும் உனக்குத் தந்துடறேன்." (இருபது வருடம் எண்ணெய் தடவி வளர்த்த மீசை. அம்மனுக்கும் அது தெரியும்.)

கரையில் கார்த்திக் ஒரு தொலைநோக்கியை நிறுத்திக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த பக்கம் ஒரே தாமரைக்கொடி. நான் வேறு எதையும் பார்க்கவில்லை. "செல்வம்" என்று கத்திக்கொண்டே வேட்டியோடு இறங்கினேன். சேறு ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. எங்கிருந்தோ ஒரு சின்னப் பழுப்புப் பறவை விருட்டென்று எழும்பிப் பறந்தது.

"போச்சுண்ணே" என்றார் கார்த்திக்.

"போயிட்டானா?" என்று அழுதேன்.

"இன்னா மாமா, குளிக்கிறியா?"

செல்வம். கார்த்திக்குக்குப் பக்கத்தில் புதர் மறைவில், நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தான்.

அப்புறம்தான் விளங்கியது. உள்ளான் என்பது சேற்றில் இரை பொறுக்கும் பறவையின் பெயர். இது பனி தேசத்திலிருந்து வரும் அபூர்வ வகை. அதன் காலில் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் கட்டிவிட்ட சின்னக் கொடியில் மூன்று எழுத்து இருக்குமாம். அதைப் படித்துச் சொன்னால்தான் பார்த்ததை ஒப்புக்கொள்வார்களாம். கரையில் சும்மா உட்கார்ந்திருந்த செல்வம், கார்த்திக்கின் தொலைநோக்கியில் பார்த்து இரண்டு எழுத்தைப் படித்துவிட்டான். மூன்றாவதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

கார்த்திக் திட்டவில்லை. நோட்டில் "உறுதியாகவில்லை" என்று எழுதி மூடினார். நான் தண்ணீரில் நின்றபடியே செல்வத்திடம் சொன்னேன்.

"காலைல சொன்னத மனசுல வச்சுக்காதடா."

"மொதல்ல மேல ஏறு மாமா, அட்டை கீது."

அந்த வெள்ளிக்கிழமையே மொட்டை. "நான்தான் சாவவே இல்லியே, வேண்டுதல் எதுக்கு?" என்றான் செல்வம். கேட்டேன், கொடுத்தாள், எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

முடி வளர்ந்துவிட்டது. மீசை மட்டும் இடது பக்கம் பழையபடி வரவே இல்லை. செல்வம் இப்போது வேலையோடு நூம்பலில் குடித்தனம் இருக்கிறான். இன்றும் சாப்பாட்டு நேரத்தில் யாரையாவது அதட்ட நான் வாயைத் திறந்தால், "ஏங்க, காலில் கொடி" என்பாள் மனைவி. நான் இடது மீசையைத் தடவிக்கொண்டு, இன்னும் ஒரு இட்லி வைக்கச் சொல்வேன்.