எல்லாக் கட்டத்திலும் பதினெட்டு

அழகுமுத்துக் கணக்கப்பிள்ளை நீட்டிய தாளை சுதர்ஷினி மிஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பது பெண்கள், ஆறு நாள் பறித்த கொழுந்து. எல்லாக் கட்டத்திலும் பதினெட்டு கிலோ.

"ஒருத்தர்கூட பத்தொன்பது எடுக்கலையா?"

"எல்லாரும் ஒத்துமையான ஆளுங்க மிஸ்."

றொசல்லைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கணக்கப்பிள்ளைமார் எட்டுப் பேருக்கும் புள்ளிவிபரம் தெரிந்திருக்க வேண்டும் என்று தொரை முடிவெடுத்திருந்தார். மூன்று சனிக்கிழமை, சுதர்ஷினி மிஸ்ஸின் வகுப்பு. தன் ஆட்கள் ஒரு வாரம் எடுக்கும் கொழுந்தை எழுதி, சராசரி கண்டு, படம் வரைந்து காட்ட வேண்டும். தேறாதவருக்குத் தூரத்தில், வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றம். அழகுமுத்து போன மாதம்தான் றொசல்லையில் சொந்த வீட்டுக்குக் கூரை போட்டு முடித்திருந்தார்.

தாளில் பொய் இல்லை. பதினெட்டு கிலோ இருந்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம். அதனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு வருமுன், கூடுதலாக எடுத்தவள் குறைவாக எடுத்தவளின் சாக்கில் இரண்டு கை அள்ளிப் போட்டுவிடுவாள். அந்த நேரம் பார்த்து அழகுமுத்து தொப்பியைக் கழற்றித் துடைப்பார். பதினைந்து வருடமாக அந்தத் தொப்பி சரியாக அந்த நேரத்தில்தான் அழுக்காகிறது.

இதை வெளியே சொல்ல முடியுமா? தொப்பியைக் கழற்றித் துடைத்தார். ஏற்ற இறக்கம் இல்லாத கணக்கை நம்ப முடியாது, அடுத்த வாரம் உண்மையான எண்களோடு வாருங்கள் என்றாள் மிஸ்.

உண்மையான எண் கேட்டதால், அவர் வீட்டில் உட்கார்ந்து பொய் எண்களை எழுதினார். மனைவி தேங்காய் துருவிக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொல்ல, கட்டங்கள் மளமளவென்று நிறைந்தன.

இரண்டாம் சனிக்கிழமை, மிஸ்ஸின் பேனா ஒரு கட்டத்தில் நின்றது.

"புதன்கிழமை போயா. தோட்டத்துக்கே லீவு. அன்னைக்கு முப்பது பேரும் கொழுந்து எடுத்திருக்காங்க, வீரம்மா மட்டுமே இருபத்தாறு கிலோ."

வகுப்பே சிரித்தது. வலப்பனையில் குளிர் அதிகம், இப்போதே ஜேர்சி வாங்கிக்கொள்ளும்படி பக்கத்து மலைக் கணக்கப்பிள்ளை பிரதாப் அக்கறையாகச் சொன்னான்.

திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், வேறு வழியில்லாமல் அழகுமுத்து தன் ஆட்களிடமே எல்லாவற்றையும் கொட்டினார். சிரிப்பார்கள் என்று நினைத்தார். யாரும் சிரிக்கவில்லை. எப்படிப்பட்ட படம் என்று கேட்டார்கள். அவர் காற்றில் ஒரு மலையை வரைந்து காட்டினார்.

வாயே திறக்காத நாகலெட்சுமி கேட்டாள்: "மேடு நடுவுலதான் வரணுங்களா, இல்ல ஒரு பக்கம் சாஞ்சு வந்தாலும் சரிங்களா?"

அவருக்கே அது தெரியாது. "வர்றபடி வரட்டும்" என்றார்.

வீரம்மாதான் வழி சொன்னாள். "பிரிச்சுப் போடுறதுக்கு முன்னால ஒருக்கா தராசுல நிறுத்துக்குங்க அய்யா. தாள்ல பேரு வேணாம், நம்பர் மட்டும் போதும். யாரு எவ்வளவுன்னு தொரைக்கு எதுக்கு?"

இப்படியாக ஒவ்வொரு சாக்கும் இரண்டு தடவை தராசு ஏறியது. வரிசை ரோடு வரைக்கும் நீண்டது; லொறி டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தத்தில் முதல் நாளே வகுப்புத் தாளும் சம்பளத் தாளும் மாறிப்போய், பேர் போடும் செக்ரோலில் பதினொரு பேருக்கு அரைப் பேர் விழுந்தது. வீரம்மா பென்சிலை அவர் கையில் கொடுத்து, பக்கத்திலேயே நின்று திருத்த வைத்தாள். வெள்ளிக்கிழமை, ஒரு கட்டத்தில் மட்டும் இருந்த அஞ்சு கிலோவைச் சேர்ப்பதா விடுவதா என்று தெரியாமல் கூட்டியதில், சராசரி தடவைக்கு ஒரு விதமாக வந்தது. வரிசையில் நின்ற ராக்காயி எட்டிப் பார்த்து, அந்த அஞ்சு கிலோ காய்ச்சலோடு வந்து பாதியில் போனவளுடையது, அதைத் தனியாக வைக்காவிட்டால் மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும் என்றாள். தனியாக வைத்தார். கணக்கு நின்றது.

மூன்றாம் சனிக்கிழமை அவருடைய தாளில், வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி ஓர் அழகான மலை எழுந்து நின்றது.

"இந்த அஞ்சு கிலோவை ஏன் சேர்க்கல?"

"அது மொத்தத்தையும் கீழ இழுத்துரும் மிஸ்" என்றார் அழகுமுத்து, பிறந்ததிலிருந்தே அதைத் தெரிந்தவர்போல.

எட்டுப் பேரில் முதலிடம். பிரதாப்புக்கு இரண்டாவது இடம்கூட இல்லை.

திங்கட்கிழமை ஒரு பைக்கற் டொபி மிட்டாயோடு பெரட்டுக்கு வந்தார். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, புள்ளிவிபரம் என்றால் என்ன என்று அரைமணி நேரம் விளக்கினார். இதெல்லாம் எல்லாருக்கும் ஏறாது, அதற்கென்று ஒரு தலை வேண்டும் என்றும் சொன்னார். முப்பது பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நாகலெட்சுமி, வெளங்குச்சா?"

நாகலெட்சுமி டொபித்தாளை நாலாக மடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்களுக்கும் அதே மிஸ்தாங்க ஞாயித்துக்கெழம கோயில் மண்டபத்துல வகுப்பு எடுத்தாங்க, கணக்கு வராத ஒருத்தருக்கு சொல்லிக்குடுத்து பாஸாக்கணும்ங்கிறதுதான் கடைசிப் பரீட்சை, நாங்க முப்பது பேரும் உங்களத்தாங்க எழுதிக் குடுத்தோம்."