ஐந்துக்குக் குறையாத பலங்கள்

தள்ளுவண்டிகள் ஒழுங்கமைப்புத் திணைக்களம் ஒருகொடவத்தையில், கொள்கலன் முற்றங்களுக்குப் பின்னால், மூன்று மாடிகளில் இயங்கி வந்தது. நாட்டில் தள்ளுவண்டிகள் குறையக் குறையத் திணைக்களத்தின் மாடிகள் கூடின. அதன் கோவை அறையில், அதாவது பைல்கள் உறங்கும் அறையில், ஹியூபேட் முப்பத்தொரு வருடங்களும் நான்கு மாதங்களும் எழுதுவினைஞராக இருந்துவிட்டார். அந்த அறைக்கு யன்னல் கிடையாது. மேற்பார்வை எழுதுவினைஞரின் அறைக்கு இரண்டு யன்னல்கள். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதங்கள். அதற்குள் அந்த இரண்டில் ஒன்றின் கீழ் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கூச்சத்தால் அதை மனைவி ஐறீனிடம் மட்டும், அதுவும் இரண்டு தரம் மட்டும் சொல்லியிருந்தார்.

மேற்பார்வைப் பதவி வெற்றிடமானது. சுற்றறிக்கை வந்தது. விண்ணப்பதாரிகள் தத்தம் பலங்களை நேர்மையாக உணர்ந்து, அவ்வுணர்வை மூன்று பிரதிகளில் சமர்ப்பித்தல் வேண்டும். பலங்கள் ஐந்துக்குக் குறையலாகாது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஹியூபேட் உணரத் தொடங்கினார். மத்தியானம்வரை உணர்ந்ததில் ஒன்றுதான் தேறியது. எந்தப் பைலைக் கேட்டாலும் நான்கு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார்.

"ஐறீன், என்னட்ட வேற என்ன பலம் இருக்கு?"

மீன் வெட்டிக்கொண்டிருந்த ஐறீன் நிமிரவில்லை. "சாப்பாட்டில குறை சொல்லமாட்டீங்கள்."

"அது பலமோ?"

"எனக்குப் பலம்தானே."

அது திணைக்களத்துக்குப் பயன்படாது என்று விட்டுவிட்டார். படிவத்தில் பலவீனம் என்ற கட்டத்தில் மட்டும் எழுத்துத் தானாக ஓடியது: 'பைல்கள் இருக்கும் ஒழுங்கு எனக்கு மட்டுமே தெரியும். அட்டவணை எழுதவில்லை. எழுதினால் என்னை யாரும் தேடமாட்டார்கள் என்ற பயம்.'

மனிதவள அதிகாரி அஷ்வினி, ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் பயிற்சி பெற்றவர். படிவத்தை வாசித்து நெற்றியில் கை வைத்தார்.

"என்ன அங்கிள் இது? பலவீனத்துக்கு உண்மையான பலவீனத்தை எழுதியிருக்கிறீங்கள்!"

"நேர்மையா எண்டு போட்டிருந்தது, மிஸ்."

"நேர்மை வேற, போர்ம் வேற. பலவீனத்தை வாசிச்சா போர்டுக்கு ஆசை வரவேணும். கிளின்ரனைப் பாருங்கோ. 'அளவுக்கு மிஞ்சி உழைப்பேன்.' எவ்வளவு வடிவா இருக்கு!"

கிளின்ரன் இரண்டாம் மாடி எழுதுவினைஞர். அவருடைய கதிரையில் பெரும்பாலும் அவருடைய குடைதான் உட்கார்ந்திருக்கும். அவர் பதினொரு பலங்கள் எழுதியிருந்தார்.

"என்னட்ட ஒண்டுதானே இருக்கு, மிஸ்."

"அப்ப அதை அஞ்சாப் பிரியுங்கோ."

பிரித்தார். பைலைப் பற்றிக் கேட்டுக்கொள்ளல், அதை நோக்கி நடத்தல், கண்டெடுத்தல், தூசு தட்டல், கொடுத்தல். எண்ணிப் பார்த்தார். சரியாக ஐந்து.

இனி அவற்றைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். அவருடைய வீடு இருந்த கொட்டாஞ்சேனையில் கிராம சேவகர் அலவி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க இந்த விலாசத்தில இருக்கிறதுக்குக் கடிதம் தரலாம். தூசு தட்டுற பலமும் இந்த விலாசத்திலயா இருக்கு?"

"அது ஒருகொடவத்தையில, சேர்."

"அப்ப என்ட பிரிவில்ல. அங்க போங்க."

ஒருகொடவத்தையிலோ, பலம் இங்கே இருந்தாலும் அதன் சொந்தக்காரர் இங்குள்ள வாக்காளர் இடாப்பில் இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயமாகவே பட்டது ஹியூபேட்டுக்கு. திரும்பி வந்து அலவியின் அலுமாரியைத் தூசு தட்டிக் கொடுத்தார். பலம் பிரிவுக்குள் காணப்பட்டதாகக் கையொப்பம் கிடைத்தது.

நேர்முகப் பரீட்சையன்று புள்ளிகள் வழங்கும் சுற்றறிக்கையையே தேர்வுச் சபை தொலைத்துவிட்டது. ஹியூபேட் எழுந்து போய் எடுத்து வந்தார். மூன்று நிமிடம் ஐம்பது செக்கன்.

சபைத் தலைவர் நெகிழ்ந்துபோனார். "மிஸ்டர் ஹியூபேட், உங்கட பலம் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று. ஆகையால் உங்களைக் கோவை அறையில இருந்து எடுக்கேலாது. கிளின்ரனை எங்க இருந்து எடுத்தாலும் ஒண்டும் குறையாது."

யன்னல்கள் இரண்டும் கிளின்ரனுக்குப் போயின.

கிளின்ரனின் நியமனக் கடிதம் பைலிடப்படுவதற்காகக் கோவை அறைக்கு வந்தது. பைல்களைத் திணைக்கள விதிமுறைப்படியே அடுக்க வேண்டும் என்று அஷ்வினி புதிதாக அறிவித்திருந்தார். ஹியூபேட் வாழ்க்கையில் முதல் தடவையாக விதிமுறைப்படி அடுக்கினார். அடுத்த கிழமை, நியமனத்தை உறுதிப்படுத்த அந்தக் கடிதத்தைக் கேட்டார்கள். நான்கு நிமிடம் தேடினார். நாற்பது நிமிடம் தேடினார். நான்கு நாள் தேடினார். கிடைக்கவே இல்லை.

கடிதம் இல்லாவிட்டால் நியமனமும் இல்லை. சபை மீண்டும் கூடியது. ஹியூபேட்டின் பலம் காலாவதியாகிவிட்டபடியால் அவரைக் கோவை அறையிலிருந்து எடுப்பதற்கு இனித் தடையேதும் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கிளின்ரன் குடையோடு கோவை அறைக்குள் போனார். ஹியூபேட் யன்னலுக்குக் கீழே உட்கார்ந்தார்.

உட்கார்ந்து காத்திருந்தார். திணைக்களம் தடுமாறும், தன்னைத் தேடி ஆள் வரும் என்று நம்பினார். முதல் நாள் கிளின்ரனிடம் இருபத்துமூன்று பேர் வந்து போனார்கள். இரண்டாம் நாள் பத்தொன்பது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தார், நானூற்று ஆறு பேர். ஒருவர்கூட ஹியூபேட் எங்கே என்று கேட்கவில்லை.

பொறுக்க முடியாமல், முகத்துவாரத்திலிருந்து வந்திருந்த வண்டிக்காரர் நாகேந்திரத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். "இப்ப ஒரு பைலும் கிடைக்கிறதில்லையே. உங்களுக்குக் கஷ்டமோ?"

"கஷ்டமோ? நல்ல சுகம், ஐயா. முந்தியெண்டா பைலை எடுத்து மேல அனுப்பி, அதை மேல வச்சுக்கொண்டு 'அடுத்த கிழமை வாங்கோ' எண்டுவினம். அரை நாள் போயிடும். இப்ப பைல் இல்லாமலே சொல்லுகினம். பத்து நிமிசத்தில வீட்ட போறன்."

ஹியூபேட் முப்பத்தொரு வருடங்களை நான்கு நிமிடங்களால் பெருக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"வந்தது வந்திட்டன், ஐயா. இதில உங்கட கையொப்பம் ஒண்டு போட்டா என்ர அலுவல் முடிஞ்சுது," என்று நாகேந்திரம் ஒரு தாளை நீட்டினார்.

பேனை சட்டைப்பையில்தான் இருந்தது. தாளிலும் ஒரு பிழையும் இல்லை. ஹியூபேட் வாய் திறந்தார். தன் ஆசையைச் சொல்லவே கூசிய அந்த வாய், அன்று கொஞ்சமும் கூசவில்லை.

"அடுத்த கிழமை வாங்கோ."

தன்னுடைய ஆறாவது பலத்தை அப்போதுதான் அவர் நேர்மையாக உணர்ந்தார். அதை உறுதிப்படுத்த எந்தக் கிராம சேவகரும் தேவைப்படவில்லை.