சம்பந்தியைச் சுரங்கத்தில் விட்டுவந்த வகையில்

அன்புமிக்க சகலை அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் மச்சினியும் பெண்ணும் உடலளவில் நலம். தாங்கள் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நம் பெண்ணுக்கு நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் கைநழுவும்போல் இருக்கிறது. காரணம் நான்தான் என்கிறாள் இவள், உங்கள் மச்சினி. பாதிக் காரணம் நீங்கள். "நிச்சயம் பண்றதுக்கு முன்னாடி பெரியவங்க ஒருநாள் எங்கயாச்சும் போய்ப் பழகுங்க" என்று சொன்னது யார்? மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் பழைய ரயிலைத் துடைத்து எண்ணெய் போட்டு, ஞாயிறுதோறும் ஆர்வலர்கள் ஓட்டுகிறார்களே, அதற்கு அழைத்துப்போனேன். ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் வேறெங்கே அழைத்துப்போவான்?

சம்பந்தியம்மா புத்தம்புது உடுப்பில் வந்தார், எஞ்சின் ஒரு மூச்சு விட்டது, அதோடு உடுப்பின் கதை முடிந்தது. கரி அள்ளிய தொட்டியில் பலகை போட்டிருந்தார்கள், சம்பந்தி அதைப் பார்த்து "இதுலயா உக்காரணும்?" என்றார். சுரங்க வாயில் வண்டி நின்றது, எல்லோரும் உள்ளே பார்க்கப் போனார்கள், முழங்கால் வலியால் நானும் துணைக்கு இவளும் கடைசிப் பெட்டியிலேயே இருந்தோம். கூட்டம் திரும்பி ஏறியது, எஞ்சின் ஊதியது, அங்கே கார்டு வேலை பார்க்கும் பல் டாக்டர் இறங்கி யாருக்கோ படம் எடுத்துக்கொண்டிருந்தார், இவளுடைய பச்சைச் சால்வை என் மடியில் கிடந்தது. சகலை, நான் எதுவும் நினைக்கவில்லை. கை தானாக எழுந்து அதைக் கொடிபோல் ஆட்டிவிட்டது. பச்சையைப் பார்த்த டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். பின்னால் பல் டாக்டர் ஓடிவருகிறார், அவருக்கும் பின்னால் சுரங்க வாயில் சம்பந்தி தம்பதி நிற்கிறார்கள். ஒற்றைத் தண்டவாளம், கடைசிவரை போய்த்தான் திரும்ப முடியும்.

திரும்பும்போது காரில் சம்பந்திகள் இருவரும் வாயே திறக்கவில்லை. பெண் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். நீங்கள் நேரில் போய் எனக்காகக் காலில் விழுந்தாவது சமாதானம் செய்யுங்கள். இனி ரயிலை ஏறெடுத்தும் பார்க்கமாட்டேன்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

தலைகுனிந்த,
உங்கள் சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சம்பந்தியம்மா போன் செய்தார். "இவருக்கு இருட்டுன்னா பயம். கல்யாணமாகி இத்தன வருஷத்துல முதல் தடவையா என் கையப் பிடிச்சுக்கிட்டார். கார்லயும் விடல. அதான் பேசவே கூச்சமா போச்சு. சீக்கிரம் நாள் பாருங்க." ஆகவே நீங்கள் எங்கும் போக வேண்டாம். பெண் இரண்டு தட்டு சாப்பிட்டாள். இவள்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். "அவங்கள விட்டுட்டு வந்தீங்க, சரி. என்னை எதுக்கு வண்டியிலயே உக்கார வெச்சீங்க?" என்கிறாள். வரும் ஞாயிறு நாங்கள் இருவரும் மறுபடி போகிறோம். முழங்கால் வலித்தாலும் நான் இறங்கித்தான் ஆக வேண்டுமாம்.