முப்பத்திரண்டு கூழைக்கடா

'தெரியாது' என்ற சொல்லை வாயில் வைத்துப் பார்க்காத ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். அது தப்பாக இருக்கலாம், தயக்கமாக மட்டும் இருக்காது.

உத்திரமேரூரில் இந்த இனத்தின் பிரதிநிதி ஸ்வாமிநாதன், பள்ளிக்கூட கிளார்க். எண்பத்தேழில் மெட்ராஸ் பறவை ஆர்வலர் சங்கம் ஒன்று, ஏரிப் பறவைகளைச் சம்பளமில்லாமல் எண்ணித்தர ஆள் வேண்டுமென்று பள்ளிக்கூடத்துக்கு எழுதியதும், அதுவரை காக்கையையும் மைனாவையும் தாண்டிப் போகாத ஸ்வாமிநாதன், மைத்துனரின் பைனாகுலரைக் கடன் வாங்கி, தொப்பி ஒன்று தைத்து, ஒரே வாரத்தில் நிபுணராகிவிட்டார். சங்கம் அனுப்பிய படிவத்தின் கடைசியில் 'இனம் தெரியவில்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்திருக்க வேண்டும்.

ஜனவரிப் பனியில் ஏரிக்கரையில் நின்று, எதிர்க்கரையில் வெள்ளையாக வரிசை கட்டியிருந்ததை எண்ணினார். கூழைக்கடா, அதாவது பெலிகன், முப்பத்திரண்டு. பக்கத்தில் நின்றவர் சடையப்பன், மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவர்.

"அது யூரியா மூட்ட சார். கரை அரிச்சிக்கினு போச்சு, மண்ணு ரொப்பி நான்தான் அடுக்கனேன்."

"தூங்கும்போது அது அப்படித்தான் தெரியும்."

"வேல மரத்தாண்ட நத்தகுத்தி நாரை கூடு கட்டிக்கினு கீது. அத்த எண்ணு சார்."

"அது சாதாரணம்" என்று சொல்லி, படிவத்தில் அதற்கு நேரே 'சில' என்று எழுதினார்.

ஏரிக்குள் அந்தச் சாதாரணம் இருந்த கருவேல மரங்களைத்தான் விறகுக்கு ஏலம் விட அதிகாரிகள் நாள் குறித்திருந்தார்கள். முப்பத்திரண்டு கூழைக்கடாவைப் படித்துப் பூரித்த சங்கம், ஏலத்தை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று, முதலில் நேரில் பார்த்துவரக் கல்லூரி ஆசிரியை பாக்கியமேரியை அனுப்பியது. அவர் தொலைநோக்கியை நிறுத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், இந்தக் கூழைக்கடா மேல ஐம்பது கிலோன்னு அச்சடிச்சிருக்கே."

ஸ்வாமிநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

பாக்கியமேரி கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒரு வரி தப்புன்னு தெரிஞ்சா அதிகாரிங்க முழுப் படிவத்தையும் தள்ளிடுவாங்க. ஏலம் அடுத்த வியாழக்கிழமை. அதுக்குள்ள சரியா எண்ணி அனுப்புங்க" என்று சொல்லி பஸ் ஏறினார்.

மறுநாள் விடியற்காலை ஸ்வாமிநாதன் சடையப்பன் வீட்டு வாசலில் நின்றார். இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் மரம் மரமாகப் போனார்கள். கூடுகள் நூற்றுப் பன்னிரண்டு. ஓரிடத்தில் பழுப்பாகச் சில பறவைகள் எழுந்து பறந்தன.

"அது இன்னா சார்?"

ஸ்வாமிநாதன் வாயைத் திறந்தார். மூடினார்.

"தெரியல, சடையப்பா."

"எனக்குந்தான் தெரியல" என்றார் சடையப்பன், ஏதோ நெடுநாள் கூட்டாளியிடம் பேசுவதுபோல்.

கடைசிக் கட்டத்தில் பதினான்கு என்று எழுதப்பட்டது. சங்கம் மனுக் கொடுத்தது, அந்த வருஷம் ஏலம் நின்றது. 'அந்தப் பதினான்கைப் பார்த்த பிறகுதான் நூற்றுப் பன்னிரண்டை நம்பினோம்' என்று பாக்கியமேரி கடிதம் எழுதினார்.

இதனால் ஸ்வாமிநாதன் திருந்திவிட்டார் என்று எண்ண வேண்டாம். அடுத்த வாரமே ரேஷன் கடையில், மண்ணெண்ணெய் லாரி நாலு மணிக்கு வந்துவிடும் என்று அடித்துச் சொல்லி, முப்பது பேரை வெயிலில் நிறுத்திவைத்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று பஸ் ஸ்டாண்டில் ஒரு வெளியூர்க்காரர், வாலாஜாபாத் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டதும் சட்டென்று கை நீட்டிக் காட்டினீர்களே, அங்கே எந்த பஸ் நிற்கும்?